உண்மை நகல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிற நேரம். பிரான்சில் இருக்கும் என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் நீளக் குழல் வைத்த பழங்காலக் கைத்துப்பாக்கிகள். கீழே ஒரே வரி: “மாமா, இந்த மூணுல எதை வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ஃபோன் போட்டேன். சிரித்தான். அவன் ஊரில் ஒரு சுடும் கழகம் இருக்கிறதாம். அதில் சிலர் கருமருந்து போட்டுச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கிகளை வைத்துக் காகித இலக்கைச் சுடுகிறார்கள். வருடக்கணக்காக நடக்கும் போட்டி விளையாட்டு அது. அசல் துப்பாக்கிகள் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழையவை, விலையும் அதிகம். அதனால் பெரும்பாலோர் இத்தாலியில் செய்த நகல்களை வாங்குகிறார்களாம். “நீங்க பழைய பேப்பரெல்லாம் தேடிப் படிக்கிற ஆள். எது உண்மையான வரலாறு, எது கடைக்காரன் விடுற கதைன்னு பார்த்துச் சொல்லுங்க மாமா” என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அக்கா வீட்டு வாசலில். அவளுக்கும் சேதி போயிருக்கிறது. “அவரு இருந்தவரைக்கும் அந்தக் கருமம் வீட்டுக்குள்ள வந்ததில்ல. நீ சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லு” என்றாள்.

‘அவர்’ என்றால் எங்கள் அத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பேச்சில் சொன்னால் ‘சொல்தா’. அல்ஜீரியாவில் இரண்டு வருடம் இருந்தார். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, வீடு கட்டி, மாலை நேரத்தில் கடற்கரையில் பெத்தாங்க் குண்டு உருட்டிக்கொண்டு காலத்தைக் கழித்தார். பிரான்சைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அல்ஜீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தீபாவளி வந்தால் பிள்ளைக்குக் கம்பி மத்தாப்பும் சங்கு சக்கரமும் கை நிறைய வாங்கித் தருவார். கேப் துப்பாக்கி மட்டும் கிடையாது. பையன் தெருவில் மற்ற பிள்ளைகளைப் பார்த்து அழுவான். அத்தான் அசைய மாட்டார்.

ஒரு பக்கம் மருமகன் கேள்வி, இன்னொரு பக்கம் அக்கா வேண்டுகோள். இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லுவதற்குக்கூடக் காரணம் தெரிந்து சொல்ல வேண்டுமே! அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். நம் காலத்து ரிவால்வரில் தோட்டாவைப் போட்டால் போதும். மருந்து, குண்டு, பொறி மூன்றும் அந்தப் பித்தளைக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். தோட்டா பரவுவதற்கு முந்தைய ரிவால்வரில் மூன்றும் தனித்தனி. சுழலும் உருளையில் ஆறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கருமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். உருளையின் பின்பக்கம் துளைக்கு ஒன்றாக ஆறு சிறு குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் தொப்பி மாதிரி ஒரு செப்புக் கேப்பைச் செருக வேண்டும். சுத்தி வந்து அந்தக் கேப்பில் அடித்தால் பொறி உள்ளே பாய்ந்து மருந்து பற்றிக்கொள்ளும். தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பைக் கல்லில் வைத்துத் தட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தத்துவம் ஒன்றுதான்.

நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் இந்த உறுப்புகளின் பெயர்கள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. குமிழுக்குப் பெயர் ‘ஷெமினே’, புகைபோக்கி. சுத்திக்குப் பெயர் ‘ஷியென்’, நாய். உருளைக்குப் பெயர் ‘பாரியே’, சின்னப் பீப்பாய். கருமருந்து மட்டும் ‘பூத்ர் நுவார்’, கறுப்புத் தூள். அதில் நம் தமிழும் பிரெஞ்சும் ஒன்றாகத்தான் யோசித்திருக்கின்றன.

அடித்தால் பொறி வரும் இந்த முறையைத் தொடங்கியவர் ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் சபைப் போதகர் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத். அவருக்குப் பறவை வேட்டையில் பிரியம். அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சென்று தீ தெரியும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த வெளிச்சத்தைப் பார்த்த பறவை நகர்ந்துவிடும். தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்து அந்தத் தாமதத்தை ஒழித்து, 1807இல் காப்புரிமை பெற்றார். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது செப்புக் கேப்பாக வடிவம் பெற்றது. அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் பலர் உரிமை கொண்டாடினார்கள்.

அடுத்து வருகிறவர் சாமுவேல் கோல்ட். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் 1814இல் பிறந்தவர். 1830இல், 16 வயதில், ‘கோர்வோ’ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து பாஸ்டனிலிருந்து கிளம்பினார். கப்பல் எங்கே போனது தெரியுமா? நம் கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையை மரத்தில் செதுக்கிப் பார்த்தார். கப்பலின் சக்கரத்தைப் பார்த்து யோசனை வந்தது என்பது பிற்பாடு பரவிய கதை. சுழலும் துப்பாக்கி அதற்கு முன்பே உண்டு. எலிஷா காலியர் என்பவர் 1818லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். அது சிக்கிமுக்கி வகை. சுத்தியை இழுக்கும்போதே உருளை தானாக அடுத்த துளைக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும்படி, கேப் முறையோடு இணைத்ததுதான் கோல்ட்டின் சாமர்த்தியம். 1835இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும், 1836 பிப்ரவரி 25இல் அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினார்.

தொழில் உடனே ஓடவில்லை. பேட்டர்சன் என்ற ஊரில் வைத்த முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. 1847இல் மெக்சிகோ போருக்காக அரசு 1,000 துப்பாக்கி கேட்டதில்தான் மனிதர் பிழைத்தார். வாக்கர் என்ற அந்த மாதிரியின் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ! பிறகு வந்தது 1851ஆம் ஆண்டு ‘நேவி’ மாதிரி. கைக்கு அடக்கமான எடை, 36 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 36 பங்கு. உருளையின் மேல் டெக்சாஸ் கப்பற்படை 1843இல் மெக்சிகோவோடு போட்ட சண்டையின் சித்திரம். 1873 வரை ஹார்ட்ஃபோர்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1853 முதல் சில ஆண்டுகள் லண்டனிலும் தொழிற்சாலை வைத்து நாற்பதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். அங்கே அவருக்குப் போட்டி ராபர்ட் ஆடம்ஸ். விசையை இழுத்தாலே சுத்தி எழும்பி அடிக்கும் வகை அவருடையது. கிரிமியா போரிலும் நம் நாட்டில் 1857 கிளர்ச்சியிலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில் இந்த இரண்டு வகையும் இருந்தன.

இனி மருமகன் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன்.

முதல் படத்தில் பளபளவென்று மஞ்சள் சட்டத்தோடு ஒன்று. ‘1851 நேவி, 44 காலிபர், பித்தளைச் சட்டம்’ என்று விளம்பரம். மூன்றில் இதுதான் மலிவு. பார்க்கவும் அழகு. அவன் மனசு இதில்தான் இருந்தது.

நான் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தர் வேலை பார்த்தவன். ஒரு சான்றிதழின் நகல் மேசைக்கு வந்தால், பக்கத்தில் அசலை வைத்து, வரிக்கு வரி பார்த்து, பிறகுதான் ‘உண்மை நகல்’ என்று முத்திரை வைத்து மேலதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்புவோம். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆவணங்களில் அதையே ‘கொப்பி கொன்ஃபோர்ம்’ என்று எழுதியிருப்பார்கள். அசலில் இல்லாத ஒரு எழுத்து நகலில் இருந்தாலும் முத்திரை கிடையாது. அந்தப் பழக்கத்தில் இந்த மஞ்சள் துப்பாக்கியையும் அசலோடு ஒப்பிட்டேன். தேறவில்லை. கோல்ட் தொழிற்சாலை செய்த 1851 நேவி 36 காலிபர் மட்டும்தான். 44 காலிபரில் அப்படி ஒன்றை அது செய்ததில்லை. சட்டமும் பித்தளை இல்லை. பித்தளை அதன் கைப்பிடி வளைவிலும் விசைக் காப்பிலும்தான். இன்றைய வாடிக்கையாளர்கள் பெரிய குண்டு வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று கேட்டதால் பிறந்த கலப்பு இது. இதேபோல் பித்தளைச் சட்டத்தில் ‘1858 ரெமிங்டன்’ என்றும் விற்கிறார்கள். அசல் ரெமிங்டனுக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. பித்தளை இரும்பைவிட மென்மையானது என்பதால், நிறையச் சுடுகிறவர்களுக்குச் சட்டம் காலப்போக்கில் தளர்ந்துவிடுவதும் உண்டு.

அப்படியானால் பித்தளைச் சட்டத்தோடு அந்தக் காலத்தில் ரிவால்வரே இல்லையா? இருந்தது. அந்தக் கதையைத்தான் மருமகனுக்கு நீளமாக எழுதினேன்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. பெரிய ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாம் வடக்கில். தெற்குக்கு இரும்பும் எஃகும் தட்டுப்பாடு. பொரெகார் என்ற தளபதி, பீரங்கி வார்க்கக் கோயில் மணிகளைத் தாருங்கள் என்று மக்களிடம் கேட்கும் அளவுக்கு நிலைமை. ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரத்துக்குப் பக்கத்தில் கிரிஸ்வோல்ட்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே சாமுவேல் கிரிஸ்வோல்ட் என்பவர் பருத்தி அரைக்கும் இயந்திரம் செய்து வந்தார். போர் வந்ததும் அந்தப் பட்டறையை ரிவால்வர் பட்டறையாக மாற்றினார். எஃகுக்கு வழியில்லாததால் சட்டத்தைப் பித்தளை நிறக் கலப்பு உலோகத்தில் வார்த்தார்கள். 36 காலிபர்தான். 1862 முதல் 1864 வரை 3,600க்கும் மேல் செய்தார்கள். தெற்கில் அந்தப் போரின்போது செய்யப்பட்ட ரிவால்வர்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்கு.

செய்தது யார்? பட்டறை ஆட்களில் பெரும்பாலோர் அடிமைகள். எந்தப் படை தோற்றால் தாங்கள் விடுதலை பெறுவார்களோ, அந்தப் படைக்குத் தங்கள் கையாலேயே துப்பாக்கி செய்து கொடுத்தார்கள். கூலி இல்லை. மறுக்க வழியும் இல்லை. 1864 நவம்பரில் ஷெர்மனின் படை கடலை நோக்கிப் போகிற வழியில் வடக்குக் குதிரைப்படை அந்த ஊரை எரித்தது. பட்டறையும் போயிற்று. ஊர் திரும்பத் தலையெடுக்கவே இல்லை. நவம்பர் 22ஆம் தேதி அங்கே நடந்த சண்டையில் தெற்குப் பக்கம் நின்று செத்தவர்களில் கிழவர்களும் சிறுவர்களும் அதிகம்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட நமக்கும் முடியாது. பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்தில் அந்த இடத்தை நிரப்ப யாரைக் கூட்டிப் போனார்கள்? நம் ஆட்களை. ‘ஓரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினீக் தீவுக்கும், 1854இல் குவாதலூப் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அடுத்த முப்பது வருடம் இப்படிக் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒப்பந்தம் வேறு, அடிமைத்தனம் வேறு என்பது காகிதத்தில் சரி. காகிதத்தை எழுதியே காலம் தள்ளிய எனக்குத் தெரியும், காகிதத்துக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று.

இதற்கு நடுவே இன்னொரு இந்தியத் தொடர்பும் கண்ணில் பட்டது. கருமருந்தில் மூன்று சரக்கு: வெடியுப்பு, கந்தகம், மரக்கரி. இதில் பெரும்பங்கு வெடியுப்பு. அந்தக் காலத்தில் உலகத்தின் சிறந்த வெடியுப்பு நம் பீகாரிலிருந்து போனது. நூனியா என்ற சாதியார் பழைய மண்சுவர், மாட்டுக்கொட்டில் ஓரத்து மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்துக் காய்ச்சி எடுப்பார்கள். அமெரிக்காவில் பெரிய மருந்து ஆலை வைத்திருந்தது து போன் குடும்பம். அதைத் தொடங்கிய எலுதேர் இரெனே து போன், புகழ்பெற்ற ரசாயன அறிஞர் லவுவாசியேயிடம் பிரான்சில் வேலை கற்றவர். 1802இல் டெலவேர் மாநிலத்தில் ஆலை நிறுவினார். போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டு இறுதியில் அந்தக் குடும்பத்தின் லாமோ து போன் வடக்கு அரசின் சார்பில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே கிடைத்த இந்திய வெடியுப்பையெல்லாம் வாங்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ‘டிரென்ட்’ கப்பல் விவகாரம் வெடித்தது. பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்தது. வடக்கு அரசு இறங்கிவந்து, பிடித்துவைத்த இரண்டு தூதர்களை விடுவித்த பிறகுதான் சரக்கு கிளம்பியது. பீகார்க் கிராமத்து மாட்டுக்கொட்டில் மண் அமெரிக்காவின் போரில் பேரம் பேசும் பொருளாக இருந்திருக்கிறது!

இரண்டாவது படம் ஒரு விசித்திரம். இரண்டு குழல். மேல் குழலில் சுட உருளையில் ஒன்பது குண்டு. உருளையின் அச்சாகவே இருக்கும் அடிக் குழலில் சிறு ரவைகள் நிறைந்த ஒரு பெரிய வெடி. இதைக் கண்டுபிடித்தவர் ழான் அலெக்ஸாண்டர் லெ மா. பிரான்சில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் குடியேறிய மருத்துவர். 1856இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மேலே சொன்ன மணி கேட்ட பொரெகார்தான் இவருக்கு உறவும் ஆதரவும். போர்க்காலத்தில் பாரிசில் செய்து தெற்குக்கு அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 2,900தான் செய்யப்பட்டன. கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கனமான, சிக்கலான இயந்திரம். விலையோ முதலாவதைப்போலப் பல மடங்கு. மருத்துவர் ஒருவர் ஒரே கருவியில் பத்து வெடிக்கு வழி செய்தார் என்பதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிரெஞ்சுப் பெயர் இருப்பதால் மட்டும் வாங்க வேண்டாம் என்று எழுதினேன்.

மூன்றாவது ரெமிங்டன். ‘1858’ என்ற பெயரே பாதி உண்மைதான். குழலின் மேல் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதி 1858 செப்டம்பர் 14. நகல் எடுக்கப்படும் அந்த ‘நியூ மாடல் ஆர்மி’ வடிவம் 1863 முதல் 1875 வரை வந்தது. கோல்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சட்டத்தில். கோல்ட்டில் உருளைக்கு மேலே ஒன்றும் கிடையாது. குழலை ஒரு ஆப்புத்தான் பிடித்திருக்கும். குறி பார்க்கும் பள்ளம் சுத்தியின் தலையில் இருக்கும். ரெமிங்டனில் உருளையைச் சுற்றி முழுச் சட்டம். குழல் அதில் திருகப்பட்டிருக்கும். குறிப் பள்ளம் அசையாத சட்டத்தின் மேலேயே இருக்கும். அதனால் இலக்குச் சுடுகிறவர்கள் இதையே விரும்புகிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் இது உசத்தி என்று சொல்லவும் முடியாது. கருமருந்து எரிந்தால் கரிப் பிசின் படியும். ரெமிங்டனின் அச்சு மெல்லியது, சீக்கிரம் இறுகிவிடும். கோல்ட்டின் தடித்த அச்சில் மசகு தங்கப் பள்ளங்கள் உண்டு, அது கொஞ்சம் அதிக நேரம் தாங்கும். ஆனால் வெடித்த கேப் துண்டுகள் சுத்திக்குள் விழுந்து மாட்டிக்கொள்வது கோல்ட்டில்தான் அதிகம்.

இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம்: தோட்டா ஐரோப்பாவில் அப்போதே வந்துவிட்டதே என்று. வந்துவிட்டது. பிரெஞ்சுக் கப்பற்படை 1858லேயே லெஃபோஷே ரிவால்வரை ஏற்றது. அமெரிக்காவில் உருளையைப் பின்பக்கம் முழுவதும் துளைக்கும் உரிமை ரோலின் ஒயிட் என்பவரின் காப்புரிமையில் மாட்டிக்கொண்டிருந்தது. அது ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1869இல் அது முடியும்வரை மற்றவர்கள் கேப்பையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதாயிற்று. ஒரு காகிதத்தின் பலம் அவ்வளவு!

நகல்களின் கதையும் சுவையானது. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வந்தது. அதை ஒட்டி அமெரிக்காவில் பழைய சண்டைகளை நடித்துக் காட்டும் ஆர்வம் கிளம்பியது. வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வியாபாரி வட இத்தாலிக்குப் போய் நகல் செய்யச் சொன்னார். பிரேசியாவுக்கு மேலே உள்ள கார்டோனே வால் டிரோம்பியா பள்ளத்தாக்கு பல நூற்றாண்டாகத் துப்பாக்கி செய்யும் இடம். பெரெட்டா குடும்பம் 1526இல் வெனிஸ் அரசுக்குக் குழல் விற்ற ரசீது இன்றும் இருக்கிறது. உபெர்ட்டி, பியெத்தா, பெதெர்சோலி எல்லாம் அந்தப் பக்கத்துப் பெயர்கள்தான். அங்கே செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசுச் சோதனை நிலையத்தில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை அடிக்கிறார்கள். ‘பி.என்.’ என்ற முத்திரை இருந்தால் கருமருந்துக்கு மட்டும் என்று பொருள். பிற்காலத்துப் புகையில்லா மருந்தைப் போட்டால் துப்பாக்கியே சிதறிவிடும். முத்திரைகளில் ஒன்று, சோதித்த ஆண்டைக் குறிக்கும் எழுத்து. பழைய நகலை வாங்குகிறவர்கள் அந்த எழுத்தை வைத்து வயது பார்க்கலாம். நகலுக்கும் அத்தாட்சி முத்திரை வைக்கும் அந்தச் சோதனை நிலையத்தின்மேல், ஒரு பழைய எழுத்தனாக, எனக்குத் தனி மரியாதை வந்தது.

முத்திரைகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நாலாவது ஒன்று கண்ணில் பட்டது. மருமகன் அனுப்பாதது. ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர். நியூயார்க் மாநிலத்தில் யூட்டிக்கா நகரத்துக்குப் பக்கத்தில் வில்லோவேல் என்ற ஊர்ப் பட்டறை. 1864 இறுதியில் வடக்கு அரசு 5,000 ரிவால்வர் கேட்டது. முழுச் சட்டம், 44 காலிபர், உறுதியான வேலை. முதல் தவணை 1865 தொடக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி தெற்குத் தளபதி லீ சரணடைந்தார். மீதி செப்டம்பர் வரை வந்துகொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது, யாருக்கும் கொடுக்கவில்லை. கிடங்கிலேயே கிடந்தன. 1901இல் பழைய சாமான் விலைக்கு நியூயார்க் வியாபாரி பானர்மனுக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் இன்று கிடைக்கும் அசல்களில் பல புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன.

போருக்கென்று செய்து போருக்கே போகாத துப்பாக்கி! அதைவிட ஆச்சரியம், இன்று இலக்குப் போட்டிகளில் மதிக்கப்படும் வடிவங்களில் இதுவும் ஒன்று. இத்தாலியிலும் செய்தார்கள். ஜெர்மனியில் ஓபெர்ன்டோர்ஃப் நகரத்து ஃபைன்வெர்க்பவ் நிறுவனம் செய்த நகல் பேர்போனது. 25 மீட்டரில் 13 குண்டு சுட்டு, சிறந்த 10ஐ எண்ணும் ‘மாரியெத்’ என்ற போட்டி ஒன்று உண்டு. அந்த மாதிரிப் போட்டிக்கே வார்த்ததுபோல இருக்கிறது என்கிறார்கள் சுடுகிறவர்கள்.

எல்லாவற்றையும் எட்டுப் பக்கத்தில் எழுதி, படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். முடிவில் இப்படி எழுதினேன்: “மஞ்சள் துப்பாக்கிக்கு நான் முத்திரை வைக்க மாட்டேன். விளம்பரம் சொல்லும் பெயருக்கு அசல் கிடையாது. கிரிஸ்வோல்ட் என்று நேர்மையாகச் சொல்லி விற்றால் அதற்கு அசல் உண்டு. ஆனால் அது யார் கையால் செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கு. ரெமிங்டன் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் நாலாவது. அதையும் நீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறதோ அதைக் கழகத்தில் விசாரி. இங்கே கொண்டுவரும் எண்ணம் மட்டும் வேண்டாம். நம் நாட்டில் கருமருந்துத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அம்மாவிடம் நீயே பேசு.”

மூன்று நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். நாலாம் நாள் பேசினான். கழகத்தில் வயதான ஒருவர் தன் ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் நகலை விற்கிறாராம். சுட்டுப் பார்த்தானாம். “சுட்டு முடிச்சதும் வெந்நீர்ல சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போடணும் மாமா. சுடுறது அரை மணி, கழுவுறது ஒரு மணி. அப்பா ஷூ பாலிஷ் போடுவாரே, அந்த மாதிரி” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு ஒரு கேப் துப்பாக்கி வாங்கித் தந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனோ என்னவோ” என்று சிரித்தான். அவனுக்கு ஐம்பத்தேழு வயது.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்: “அது யாரையும் சுட்டதில்லையா?”

“அந்த மாதிரி போருக்கே போகலைக்கா. கிடங்குலயே கிடந்துச்சு.”

முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். கல் பொறுக்கினாள்.

“அவரும் அப்படிக் கிடங்குலயே கிடந்திருக்கலாம்” என்றாள். பிறகு, “வாங்கினா வாங்கட்டும். அவரு படம் மாட்டியிருக்கிற ரூம்ல மட்டும் வைக்கக் கூடாது, சொல்லிடு” என்றாள்.

சொல்லிவிட்டேன்.